மணி கோர்த்து நத்தார்ச் சோடனை செய்வோம்

நத்தார் நெருங்கும் வேளையில்தான் மட்டக்களப்பில் மாரி மழையும் பலக்கின்றது. வாவியிலும் கடலிலும் தொழிலுக்கு இறங்க முடியாத நாட்கள் வருகின்றன. வருமானம் குறையும் அதே மாதத்தில் உடுப்பு, பலகாரம், வீட்டுக்குப் பெயின்ற், சோடனை என்று செலவுகள் கூடுகின்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைகளையும், நுண்கடன் தவணைகளின் பாரத்தையும் எமது கிராமத்துப் பெண்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சோடனை இச்செலவுகளில் சிறியதுதான். ஆனால் முழுக்க முழுக்க நம் கையில் உள்ள செலவு அது ஒன்றே. அறுந்த மாலை, பழைய காப்பு, பிள்ளைகளின் பாவிக்காத சங்கிலி ஆகியவற்றில் இருக்கும் மணிகளைக் கொண்டு, வீட்டார் எல்லோரும் கூடியிருந்து நத்தார் நட்சத்திரங்கள் செய்யும் முறையை இப்பாடத்தில் பார்ப்போம்.

மணியும் மனிதரும்

மணி கோர்ப்பது எமக்குப் புதிய தொழில் அல்ல. மன்னாருக்கு அருகே பண்டைய துறைமுகமான மாந்தையில் நடந்த அகழ்வுகளில் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. மணிகளால் நத்தார்ச் சோடனை செய்வதற்குப் பெயர் பெற்ற ஊர் செக் நாட்டின் வடக்கே உள்ள பொனிக்லா என்னும் மலைக்கிராமம். அங்கே கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அச்சில் வைத்து ஊதி, வரிசையாக மணிகளை உண்டாக்குகிறார்கள். பின் உட்புறம் வெள்ளிப்பூச்சுக் கொடுத்து, நிறமூட்டி, வெட்டி, கம்பியில் கோர்த்து நட்சத்திரங்களும் வேறு உருவங்களும் செய்கிறார்கள். கோர்க்கும் வேலையில் பெரும்பகுதி வீடுகளிலேயே நடந்து வந்தது. 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கைத்தொழிலை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. ஒரு சிறு கிராமத்தின் வீட்டு வேலை உலகின் மதிப்பைப் பெற்றமை எமக்கும் ஊக்கம் தருவதாகும்.

தேவையான பொருட்கள்

1. ஒரே அளவான சிறு மணிகள். ஒரு நட்சத்திரத்துக்கு 24.
2. மெல்லிய தங்கூசி, ஏறத்தாழ 2 அடி. மணியின் துளைக்குள் இது மூன்று தரமாவது போய்வர வேண்டும்.
3. கத்தரிக்கோல்.
4. மணிகளை நிறவாரியாகப் போட்டு வைக்கச் சிரட்டைகள்.
5. உருண்டோடும் மணிகளைத் தடுக்க, விரித்துக்கொள்ள ஒரு பழைய துணி.

செய்முறை

1. வெள்ளை மணிகள் 6ஐத் தங்கூசியில் கோர்த்து வளையமாக முடிச்சிடுங்கள். ஒரு பக்கத்தில் 4 அங்குல வால் விட்டுக்கொள்ளுங்கள்.
2. நீண்ட முனையை முடிச்சுக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளை மணிக்குள் செலுத்துங்கள்.
3. இப்போது சிவப்பு, பொன்நிறம், சிவப்பு என மூன்று மணிகளைக் கோர்த்து, வளையத்தின் அடுத்த வெள்ளை மணிக்குள் நுழைத்து இழுங்கள். பொன்மணி வெளியே தள்ளி நிற்கும். இதுவே ஒரு முனை.
4. இவ்வாறே சுற்றி வந்தால் ஆறு முனைகள் அமையும்.
5. வந்த வழியே இன்னொரு முறை எல்லா மணிகளுக்குள்ளும் சென்று இறுக்குங்கள். நட்சத்திரம் தொய்யாமல் விறைப்பாக நிற்கும்.
6. வாலுடன் சேர்த்து மூன்று முடிச்சுப் போடுங்கள். தங்கூசி வழுக்கும் தன்மையுடையது. ஆகவே மீதியை நான்கைந்து மணிகளுக்குள் செலுத்தியபின் வெட்டுங்கள்.
7. ஒரு பொன்மணிக்குள் நூல் கோர்த்துச் சவுக்குக் கொப்பிலோ பாலன் குடிலிலோ தொங்கவிடுங்கள்.

பெரிய மணிகள் இருந்தால் கம்பியிலும் செய்யலாம். 6 அங்குலக் கம்பிகள் மூன்றை நடுவில் சேர்த்து முறுக்கினால் ஆறு கைகள் கிடைக்கும். ஒவ்வொரு கையிலும் ஒரே ஒழுங்கில் மணி கோர்த்து, நுனியைக் குறட்டால் வளைத்துவிடுங்கள். எமது உப்புக் காற்றில் இரும்புக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். செம்பு அல்லது பித்தளைக் கம்பியே நல்லது.

யாருக்கு எந்த வேலை?

எல்லோருக்கும் பங்கு இருக்கட்டும். வலை பொத்திப் பழகிய அப்பாவின் கை முடிச்சுக்கு ஏற்றது. கண் பார்வை குறைந்த அம்மம்மா பெரிய மணிகளைத் தெரிந்து கொடுக்கலாம். பத்து நட்சத்திரத்துக்கு எத்தனை மணி வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கணக்கிடட்டும்.

கவனிக்க வேண்டியவை

* மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கைக்கு மணி எட்டக்கூடாது. தொண்டையிலோ மூக்கிலோ சிக்கினால் உயிராபத்து.
* குன்றிமணியைத் துளைத்துக் கோர்க்க வேண்டாம். கறுப்புக் கண் கொண்ட அந்தச் சிவப்பு விதைக்குள் கொடிய நஞ்சு உண்டு. துளைக்கும்போது அது வெளிப்படும்.
* வெட்டிய தங்கூசித் துண்டுகளை வாவியில் எறிய வேண்டாம். அவை உக்குவதில்லை, மீன்களையும் பறவைகளையும் சிக்கவைக்கும்.
* பண்டிகை முடிந்ததும் ஈரம் துடைத்து, மூடியுள்ள பிஸ்கற் ரின்னில் வைத்தால் அடுத்த ஆண்டும் உதவும்.

கோர்க்கும்போது பேசுவோம்

2004 டிசம்பர் 26 காலையில், நத்தாருக்கு மறுநாள், கடல் எழுந்து வந்தது. கல்லடி, நாவலடி முதலான கரையோரக் கிராமங்களில் பல வீடுகளில் இன்றும் நத்தார்ச் சோடனை தொங்கும்போதே இழந்தவர்களுக்கு விளக்கேற்றப்படுகின்றது. அதன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இது ஏன் என்று விளங்குவதில்லை. பெரியவர்களுக்கோ எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை.

கை வேலையாக இருக்கும்போது பேச்சு இலகுவாக வரும். முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாத ஒன்றை, அடுத்த மணியைத் தேடிக்கொண்டே சொல்லிவிடலாம். வற்புறுத்த வேண்டாம். பிள்ளை கேட்டால், கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். விரும்பினால், மறைந்தவருக்குப் பிடித்த நிறத்தில் ஒரு நட்சத்திரம் செய்து அவர் பெயரைச் சொல்லித் தொங்கவிடுங்கள். சோடனையைக் கடையிலும் வாங்கலாம். இந்தப் பேச்சுக்கு வீட்டார் ஒரு பாயில் கூடி இருக்கத்தான் வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. சென்ற நத்தாருக்குக் கடன்பட்டு வாங்கியவற்றில் எதை நாமே செய்திருக்கலாம்?
2. எமது வீட்டில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து வேலை செய்த கடைசி நாள் எது?
3. எமது பிள்ளைகளுக்கு நாம் இன்னும் சொல்லாத குடும்பக் கதை எது? அதை யார் சொல்வது நல்லது?