பிலிம் காமிராவைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்



ஒளியைக் கொண்டு வரைவதே புகைப்படக் கலையாகும். இன்று செல்பேசி உள்ள ஒவ்வொருவரும் புகைப்படக்காரரே. ஒரு திருமண வீட்டில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் பத்தையேனும் மறுமுறை எடுத்துப் பார்ப்பவர் அரிது. இந்த நிலையிலும் பழைய பிலிம் காமிராக்களைத் தேடி வாங்கும் இளையோர் பல நாடுகளிலும் பெருகியிருக்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் 'பென்டாக்ஸ் 17' என்னும் புத்தம் புதிய பிலிம் காமிராவே சந்தைக்கு வந்தது. நம் மாணவியருள்ளும் சிலர் தாத்தாவின் பெட்டியில் கிடந்த காமிராவைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது போதுமா, வேறு வாங்க வேண்டுமா?" என்று கேட்கின்றனர். பெற்றோரோ, "இந்தச் செலவு தேவைதானா?" என்று கேட்கின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்கு விடை காண முயல்வோம்.

காமிராவின் உள்ளே

காமிரா என்பது ஒளி புகாத ஒரு பெட்டி. அதன் முன்புறம் லென்ஸ், பின்புறம் பிலிம். இடையில் இரண்டு கதவுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று 'அப்பர்ச்சர்' எனப்படும் துளை. எவ்வளவு ஒளி வரலாம் என்பதை அது முடிவு செய்கிறது. மற்றொன்று 'ஷட்டர்' எனப்படும் திரை. எவ்வளவு நேரம் வரலாம் என்பதை அது முடிவு செய்கிறது. குழாயடியில் குடம் நிரப்புவது போன்றதே இது. குழாயை அகலத் திறந்தால் குடம் விரைவில் நிறையும். சிறிதாகத் திறந்தால் நேரம் பிடிக்கும். குடம் நிறைய வேண்டும், வழியவும் கூடாது. அவ்வளவுதான்.

துளையின் எண்கள் 2.8, 4, 5.6, 8, 11, 16 என வரும. எண் பெரிதாக ஆகத் துளை சிறிதாகும். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறையும். ஷட்டரின் எண்கள் 60, 125, 250, 500 என வரும். 125 என்றால் ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரம். இங்கும் ஒவ்வொரு படியிலும் ஒளி ஏறத்தாழ பாதியாகும். இந்த இரண்டு வரிசைகளையும் வாய்பாடு போல மனத்தில் பதித்துக்கொண்டால், உலகின் எந்தப் பழைய காமிராவும் உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

எந்தக் காமிரா?

ஆர்வலர்கள் வாங்கும் காமிராக்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் எஸ்.எல்.ஆர். காமிரா. உள்ளே உள்ள கண்ணாடி, லென்ஸ் காணும் காட்சியை அப்படியே நம் கண்ணுக்குக் காட்டும். 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 இவ்வகையைச் சேர்ந்தது. இதன் ஷட்டர் முற்றிலும் இயந்திர விசையால் இயங்குவது. பாட்டரி தீர்ந்தாலும் ஒளிமானி மட்டுமே நிற்கும், படம் எடுப்பது நிற்காது. அதே 1976-இல் வந்த கேனன் ஏஈ-1 காமிராவோ பாட்டரி இல்லையேல் ஷட்டரையே இயக்காது. இரண்டும் நல்லவையே, வேறுபாட்டை அறிந்து வாங்க வேண்டும்.

இரண்டாம் வகை ரேஞ்ச்பைண்டர். இதன் பார்வைச் சாளரத்தில் ஒரே பொருள் இரண்டு பிம்பங்களாகத் தோன்றும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் தெளிவு கிடைத்துவிடும். சத்தம் குறைவு, உருவமும் பெரும்பாலும் சிறிது.

மூன்றாம் வகை, ஒன்றன் கீழ் ஒன்றாக இரு லென்ஸ் கொண்டது. ரோலிபிளெக்ஸ், யாஷிகா மேட் ஆகியவை இவ்வகை. இடுப்பு உயரத்தில் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். காட்சி இடவலம் மாறித் தெரியும். 120 அளவு சுருளில் 12 சதுரப் படங்கள் கிடைக்கும்.

நான்காம் வகை, சட்டைப்பையில் அடங்கும் சிறு காமிரா. எளிது, ஆனால் பிற்கால மாதிரிகள் பல மின்சுற்றையே நம்பியிருப்பவை. அந்தச் சுற்று பழுதுபட்டால் மாற்று உறுப்பு கிடைப்பது கடினம்.

கற்றுக்கொள்ள விரும்பும் மாணவிக்கு எது ஏற்றது? இயந்திர ஷட்டரும், 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் கொண்ட எளிய எஸ்.எல்.ஆர். போதும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதுவே மிகச் சிறந்தது. நல்ல அரிவாள்மனை இருப்பதால் மட்டும் நல்ல குழம்பு வந்துவிடாது என்பது நம் தாய்மார் அறிந்ததே. சில ஆர்வலர்கள் லென்ஸ் மேல் லென்ஸாக வாங்கி அடுக்குவார்கள்; ஆனால் ஆண்டுக்கு இரண்டு சுருள்கூட எடுத்திருக்க மாட்டார்கள். லென்ஸ் வாங்கும் பணத்தைப் பிலிமுக்குச் செலவிடுவதே கற்பவருக்கு நன்மை.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

பழைய காமிராவைப் பளபளப்பைக் கண்டு வாங்கலாகாது. கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. பின்கதவைத் திறந்து, பிலிம் இல்லாமலே ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை இயக்குக. ஒரு நொடிக்கு வைத்தால் ஏறத்தாழ ஒரு நொடி திறந்திருக்க வேண்டும். நடுவில் சிக்கி நின்றால் உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது என்பது பொருள். ஷட்டர் திரையை விரலால் தொடவே கூடாது.

2. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க. சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை.

3. கதவின் ஓரத்தில் உள்ள கறுப்பு நுரைப்பட்டையைப் பார்க்க. தொட்டால் பிசுபிசுத்து உதிர்ந்தால் அதன் வழியே ஒளி கசியும். இதை மாற்றுவது எளிது; செலவும் குறைவு.

4. பாட்டரி அறையில் பச்சை அல்லது வெள்ளைக் கறை உள்ளதா எனப் பார்க்க.

5. ஒளிமானி எந்தப் பாட்டரியை நம்பியது எனக் கேட்க. பழைய காமிராக்கள் பல 1.35 வோல்ட் பாதரசப் பாட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசத்தின் தீங்கு கருதி அவை இன்று விற்கப்படுவதில்லை. அவ்விடத்தில் 1.5 வோல்ட் பாட்டரியைப் போட்டால் சில காமிராக்களில் ஒளிமானி தவறான அளவைக் காட்டும். காது கேட்கும் கருவியில் போடும் துத்தநாகக் காற்றுப் பாட்டரி 1.4 வோல்ட் தருவதால் பலர் அதைப் பயன்படுத்துகின்றனர்.

பிலிம்

35 மில்லிமீட்டர் பிலிம் முதலில் திரைப்படத்துக்காகவே இருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆஸ்கர் பார்னாக் அதைச் சிறு காமிராவுக்குள் கொண்டுவந்தார்; அவர் வடிவமைத்த லைக்கா 1925-இல் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் 24-க்கு 36 மில்லிமீட்டர் என்பதே புகைப்படச் சட்டத்தின் பொது அளவாயிற்று.

நம் நாட்டிலும் பிலிம் தயாரித்தோம் என்பதை இளையோர் அறிய வேண்டும். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தந்தது. அது இன்று மூடப்பட்டுவிட்டது. ஆகவே இப்போது நாம் வாங்குவது பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கே. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது.

பிலிமைத் தேர்ந்தெடுக்கும்போது அதைக் கழுவித் தருவார் உண்டா என்பதை முதலில் பாருங்கள். 1935-இல் வந்த கோடாகுரோம் வண்ணத்துக்குப் பேர்பெற்றது. 2009-இல் அதன் தயாரிப்பு நின்றது. 2010 இறுதியோடு அதைக் கழுவுவதும் நின்றது. இன்று அந்தப் பிலிம் பெட்டியில் கிடைத்தாலும் அதன் வண்ணத்தை யாராலும் எளிதில் பெற முடியாது. சாதாரண வண்ண நெகட்டிவ் பிலிமுக்கு சி-41 என்ற முறை 1972 முதல் வழக்கில் உள்ளது. கறுப்பு வெள்ளைப் பிலிமையோ ஒரு டாங்க், ஒரு வெப்பமானி, இரண்டு மூன்று ரசாயனக் கரைசல்கள் இருந்தால் பெரியோர் துணையுடன் பள்ளி ஆய்வகத்திலேயே கழுவலாம். வேதியியல் பாடம் கண்முன்னே நடக்கும்! தொடங்குவோருக்கு இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் போன்ற 400 வேகப் பிலிம் ஏற்றது. வெயிலிலும் நிழலிலும் பயன்படும்.

ஒளிமானி இல்லாமல்

நல்ல வெயிலில் துளையை 16-இல் வையுங்கள். ஷட்டரைப் பிலிமின் வேகத்துக்கு நெருங்கிய எண்ணில் வையுங்கள். 400 பிலிமுக்கு 500. மெல்லிய மூட்டத்தில் துளை 11. நிழல் விழாத மேகமூட்டத்தில் 8. அடர்ந்த மேகத்திலும் மர நிழலிலும் 5.6.

ஓர் எடுத்துக்காட்டு. மர நிழலில் பாட்டி அமர்ந்திருக்கிறார். விதிப்படி 5.6, 500. ஆனால் பாட்டி ஓடப்போவதில்லை. அவ்வளவு வேகம் தேவையில்லை. எனவே 8, 250 என்றோ 11, 125 என்றோ வைக்கலாம். ஒளி அதே அளவுதான். ஆனால் துளை சிறிதானதால் முகமும் பின்னால் உள்ள வீடும் தெளிவாக விழும். சிறு பிள்ளை ஓடினால் 500-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்து எடுக்கும்போது 60-க்குக் கீழே இறங்க வேண்டாம். கை நடுக்கம் படத்தில் தெரியும். ஐயம் வந்தால், நெகட்டிவ் பிலிமுக்கு ஒளி சற்று மிகுதியாக இருப்பதே நல்லது. குறைந்தால் நிழற்பகுதியில் ஒன்றுமே பதியாது.

பிலிம் மாட்டிய பின் முன்னகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது, இடப்பக்கத்துச் சுருட்டும் குமிழும் சுழல்கிறதா எனப் பாருங்கள். சுழலவில்லையானால் பிலிம் நகரவில்லை. 36 படங்களும் வீண். முடிந்ததும் முழுவதும் சுருட்டிய பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

கணக்கும் கட்டுப்பாடும்

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, ஒரு சுருளுக்கும் கழுவுவதற்கும் சேர்த்து 1,080 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 36 படங்கள் என்றால் படம் ஒன்றுக்கு 30 ரூபாய். பொத்தானை அழுத்துமுன் "இது 30 ரூபாய் பெறுமா?" என்று கேட்டுக்கொள்ளும் பெண் தானாகவே நன்றாகப் பார்க்கப் பழகுவாள். பின்னணியில் குப்பைத்தொட்டி உள்ளதா, தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்திருக்கிறதா என்றெல்லாம் கவனிப்பாள். பெற்றோரின் கேள்விக்கும் விடை இதுவே. மாதம் ஒரு சுருள் என்று எல்லை வகுத்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் நிற்கும். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் எண், துளை, வேகம், வெளிச்சம் ஆகியவற்றை எழுதுங்கள். நெகட்டிவ் வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று சுருள்களில் நீங்கள் கற்பதை மூன்று லென்ஸ்கள் கற்றுத்தர மாட்டா.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா (1913–2012) ஸ்பீடு கிராபிக் என்னும் கனத்த காமிராவைச் சுமந்து, சேலை அணிந்து, சைக்கிளில் டில்லித் தெருக்களில் சென்றவர். அந்தக் காமிராவில் ஒவ்வொரு படத்துக்கும் புதுத் தகடு கொடுத்தாக வேண்டும். அப்படித்தான் அவர் நாட்டு விடுதலையின் நாட்களையும் காந்தியடிகளின் இறுதிச் சடங்கையும் பதிவு செய்தார். தொடக்கத்தில் அவர் படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. 2011-இல் அவர் பெயருக்கே பத்ம விபூஷண் கிடைத்தது.

பாதுகாப்பு

கடலோரக் காற்றும் மழைக்கால ஈரமும் லென்ஸுக்குப் பகை. தோலுறைக்குள் பூட்டி அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள். வாரம் ஒரு முறை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். பயன்படுத்தாத பிலிமைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். எடுத்த உடனே உறையைப் பிரிக்காமல், அறையின் வெப்பத்துக்கு வரும் வரை பொறுத்திருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நெகட்டிவ். இன்று பலர் கணினிப் பிரதியைப் பெற்றுக்கொண்டு நெகட்டிவைக் கடையிலேயே விட்டுவிடுகின்றனர். கேட்டு வாங்குங்கள். அதுவே மூலப் பத்திரம். உறையின் மேல் நாள், இடம், படத்தில் உள்ளவரின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். எத்தனை வீடுகளில் பழைய ஆல்பத்தைத் திறந்து, "இது யார்?" என்று கேட்டால் சொல்ல ஆளில்லை! அழகான படம்தான், பெயர் இல்லாததால் அது யாருக்கும் உறவில்லாமல் போயிற்று.

ஆகவே மாணவியரே, வரும் விடுமுறையில் ஒரே காமிரா, ஒரே லென்ஸ், ஒரே சுருள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர்களை, பள்ளியில் நமக்காக உழைக்கும் அருட்சகோதரியரை, மணியடிக்கும் அண்ணனை, சத்துணவுக்கூடத்து அம்மாவை, அவர்கள் இசைவுடன் படம் எடுங்கள். ஆளுக்கு ஒரு பிரதி கொடுங்கள். உறையின் மேல் பெயரை எழுத மறவாதீர்கள்.