ஒலிக்கலப்புக் கருவியின் குமிழ்களில் கரகரப்பு: காரணமும் பரிகாரமும்

இசையரங்கொன்றில் பாடகர் மந்திர ஸ்தாயியில் நின்று ராகத்தை நிதானமாக விரித்துக்கொண்டிருக்கிறார். குரல் கடைசி வரிசையை எட்டவில்லையென்று கருதி, மிக்ஸர் என்று வழங்கும் ஒலிக்கலப்புக் கருவியின் குமிழொன்றை அதனை இயக்குபவர் இம்மியளவு திருப்புகிறார். மறுகணமே, காய்ந்த சருகுக் குவியலை மிதித்தாற்போன்ற ஓசை எல்லா ஒலிபெருக்கிகளிலிருந்தும் எழுகிறது. அதன்பின் அந்தக் குமிழைத் தொட அவருக்குத் துணிவு வருவதில்லை. கச்சேரி முடியும்வரை குரல் தாழ்ந்தே ஒலிக்கிறது.

கோயில் விழாக்களிலும் கல்லூரி அரங்குகளிலும் ஒலிபெருக்கி அமைப்போர் யாவரும் இதனை அறிவர். இதற்குக் கைகண்ட மருந்தாகப் பலர் கொள்வது, குமிழின் இடுக்கில் கைக்கு அகப்பட்ட எண்ணெயில் ஒரு சொட்டு விடுவதாகும். சில நாட்கள் கரகரப்பு அடங்கும். பின்னர் முன்னிலும் மிகுந்து தோன்றும். இச்சிறு பழுதின் பொருட்டு நல்ல கருவியொன்று மூலையில் ஒதுக்கப்படுவதும் உண்டு. உண்மையில் இக்கரகரப்பு இருவேறு காரணங்களால் எழுவது. ஒன்று, குமிழின் உள்ளே படிந்த அழுக்கு. மற்றொன்று, வேறோர் உறுப்பில் தோன்றிக் குமிழின் வாயிலாக வெளிப்படும் பழுது. முன்னதைத் துடைத்து நீக்கலாம். பின்னதற்கு எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வேலையைத் தொடங்குவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

குமிழின் உள்ளே இருப்பது என்ன?

விரலுக்குத் தெரியும் குமிழ் வெறும் மூடியே. அதன் கீழுள்ள தண்டு, பொட்டென்ஷியோமீட்டர் எனப்படும் மாறுந்தடையைச் சுழற்றுகிறது. இப்பெயர் அளவைக் கருவி ஒன்றிலிருந்து வந்தது. ஜெர்மானிய இயற்பியலறிஞர் போகண்டார்ஃப் 1841-இல், அறிந்த மின்னழுத்தம் ஒன்றுடன் ஈடுசெய்து அறியாத மின்னழுத்தத்தை அளக்கும் முறையை வகுத்தார். அம்முறைக்குரிய கருவியின் பெயர் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் உறுப்புக்கும் நிலைத்துவிட்டது. வானொலி பழுதுபார்ப்போர் இதனை ‘வால்யூம் கண்ட்ரோல்’ என்றே வழங்குவர்.

இதனுள் குதிரைலாட வடிவில் கரிப்பூச்சுத் தடம் ஒன்று உண்டு. தடத்தின் இரு முனைகளும் வெளியே இரு கம்பிமுனைகளாக நீள்கின்றன. மிக்ஸர்களில் இம்முனைகளுக்கு இடைப்பட்ட மின்தடை பெரும்பாலும் 10,000 ஓம் அளவில் இருக்கும். உலோக வில்லாலான தொடுகரம் ஒன்று தடத்தின்மீது அழுந்தி, தண்டு சுழலுமளவுக்கு, ஏறக்குறைய 270 முதல் 300 பாகை வரை ஊர்ந்து செல்கிறது. அத்தொடுகரம் நடுக்கம்பிமுனையுடன் நிலையாகப் பிணைக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன் மறுபுறம் ஓர் உலோக வளையத்தின்மீது வழுக்கிச் செல்கிறது. அவ்வளையமே நடுமுனையோடு சேர்ந்துள்ளது. எனவே ஒரே குமிழில் நழுவும் தொடர்புகள் இரண்டு. கரி காற்றிலுள்ள பிராணவாயுவால் எளிதில் கெடுவதில்லை. உலோக வளையமோ கெடும். வெள்ளி முலாம் பூசிய பரப்பாயின், புகையிலும் சாக்கடைக் காற்றிலும் கலந்துள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்துப்போகும். கரகரப்புக்குக் கரித்தடத்தையே குறைகூறும் வழக்கம் ஓரளவே பொருத்தமுடையது.

தடத்தில் தூசியும், தேய்மானத்தால் உதிர்ந்த கரித்துகளும், உலர்ந்த மசகும் சேர்கின்றன. கடற்கரை ஊர்களில் உப்பும் ஈரமும் இவற்றோடு கூடுகின்றன. தொடுகரம் இந்த மேடுகளில் ஏறி இறங்கும்பொழுது, ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கு நேரம் தொடர்பு அற்றுவிடுகிறது. அந்நேரம் ஒலிக்குறிகை முற்றிலும் மறைந்து மீண்டும் திடீரெனத் தோன்றுகிறது. இத்தகைய திடீர் மாற்றத்தில் தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை எல்லாம் கலந்திருக்கும். ஆதலால்தான் அது ஒரு சுருதியாக அன்றி ‘படக்’கென்ற வெடிப்பாகக் கேட்கிறது. குமிழைத் திருப்பும்பொழுது இவை அடுத்தடுத்து நூற்றுக்கணக்கில் நிகழ்ந்தால் சருகோசை உண்டாகிறது.

இரண்டாவது காரணம்

மேலே கூறிய அறுபடல், குறிகை இருக்கும்பொழுது மட்டுமே பெரிதாகக் கேட்கும். குறிகையே இல்லாதவிடத்துத் தொடர்பு அறுந்தாலும், அறுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. இவ்வுண்மையே நோயை அறியும் எளிய சோதனைக்கு அடிப்படை. ஒலிவாங்கிகள் யாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளீடு ஏதுமின்றிக் குமிழை மெதுவாகச் சுழற்ற வேண்டும். அப்பொழுதும் கரகரப்பு உரக்கக் கேட்குமாயின், தடத்தின் வழியே பாயக்கூடாத ஒரு மின்னோட்டம் பாய்கின்றதெனக் கொள்ளலாம். அது டி.சி. என்னும் நேரோட்டம்.

மிக்ஸரின் ஒவ்வொரு பெருக்கிக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே, கண்டென்ஸர் எனப்படும் மின்தேக்கி காவலாக நிற்கிறது. ஒலிக்குரிய மாறுமின்னோட்டத்தை அது விடும், நேரோட்டத்தைத் தடுக்கும். இப்பணிக்குப் பெரும்பாலும் எலக்ட்ரோலைட்டிக் வகையே அமைகிறது. இதில் அலுமினியத் தகட்டின்மீதுள்ள மெல்லிய ஆக்ஸைடுப் படலம் மின்காப்பாகவும், அதனை ஒட்டிய ஈரமான கரைசல் ஒரு மின்வாயாகவும் பயன்படுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லக் கரைசல் உலரும்; படலம் நலியும்; நேரோட்டம் கசியத் தொடங்கும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் பொதுவாகக் கொள்ளும் விதி. கோடையில் மூடிய வண்டிக்குள் நாள் முழுவதும் வெயிலில் கிடக்கும் மிக்ஸரின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

கசிவு சிறிதெனக் கருதிவிடுதல் கூடாது. மிக்ஸரின் உள்ளே ஒலியின் இயல்பான அளவு 0.775 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பாட்டில் மென்மையான இடம் இதனினும் 40 டெசிபெல் தாழ்ந்திருப்பின் நூறிலொரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8 மில்லிவோல்ட் மட்டுமே. தடத்தின் இரு முனைகளுக்கிடையே 20 மில்லிவோல்ட் நேரழுத்தம் இருந்து, உச்ச நிலையை ஒட்டித் தொடுகரம் நொடிப்பொழுது தூக்கிக்கொண்டால், உண்டாகும் தாவல் பாட்டைக்காட்டிலும் பெரிது. முற்றும் தூய்மையான தடத்திலுங்கூட இந்நேரோட்டம் சலசலப்பை உண்டாக்கும். ஏனெனில் எந்தத் தொடர்பும் முழுமையாக வழவழப்பானதன்று.

சந்தேகம் தீர, நுட்பமான மீட்டரை டி.சி. மில்லிவோல்ட் அளவில் வைத்து, கருவி இயங்கும் நிலையில் தடத்தின் இரு ஓர முனைகளுக்கிடையேயும், பிறகு நடுமுனைக்கும் தரைமுனைக்கும் இடையேயும் அளக்கலாம். அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பல மில்லிவோல்ட் காட்டினால், குமிழை விடுத்து அதன் இருபுறமுள்ள மின்தேக்கிகளை மாற்றுவதே முறை. மாற்றும்பொழுது கூட்டல், கழித்தல் முனைகள் இடம் மாறாதிருக்கவேண்டும். தலைகீழாக வைக்கப்பட்ட எலக்ட்ரோலைட்டிக் தானே கசியும்.

ஒலிவாங்கியை அடுத்துள்ள ‘கெய்ன்’ குமிழ் தனித்து நோக்கத்தக்கது. அது பெரும்பாலும் குறிகையைப் பங்கிடுவதில்லை. பெருக்கியின் பெருக்கத்தையே மாற்றுகிறது. இறுதிப் பகுதியில் மிகச்சிறு தடை மாற்றமும் பெருக்கத்தைப் பன்மடங்கு உயர்த்தும். ஆகையால் அங்கே கரகரப்பு மற்ற குமிழ்களினும் உரத்துக் கேட்பது இயல்பு. அவ்விடத்து மின்தேக்கியும் அளவில் பெரியது. அதனை ஐயுற மறத்தலாகாது.

துடைக்கும் முறை

அழுக்கே காரணமென உறுதியானபின், மின்சாரச் செருகியைச் சுவரிலிருந்து அகற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். மின்வழங்கியை உள்ளேயே கொண்ட மிக்ஸர்களில் 230 வோல்ட் முனைகள் திறந்த நிலையில் இருக்கக்கூடும். செருகியை எடுத்தபின்னும் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும்.

எந்தத் திரவத்தையும் தொடுமுன், குமிழை ஓரத்திலிருந்து ஓரம்வரை முப்பது நாற்பது முறை விரைந்து சுழற்றிப் பார்க்கலாம். உலோக வளையத்தின் மென்படலம் இவ்வுராய்விலேயே அகன்று, கரகரப்பு நின்றுவிடுவது பலமுறை கண்ட உண்மை. செலவில்லாத இச்சிகிச்சையைப் பலர் செய்வதில்லை.

அதனால் தீராவிடில் காண்டாக்ட் கிளீனர் என விற்கப்படும் திரவம் தேவை. கரித்தடத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஊறு செய்யாதது என்று புட்டியிலேயே குறிப்பிட்டிருத்தல் வேண்டும். பலர் செய்வதுபோல் முகப்பிலிருந்து தண்டின் பக்கமாகப் பீச்சினால், திரவம் தண்டின் மசகைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். தடத்தை அடைவது ஐயமே. கருவியைத் திறந்து, கம்பிமுனைகளுக்கு மேலுள்ள சிறு திறப்பில் மெல்லிய குழாயை நுழைத்து, ஒரு நொடி மட்டும் பீச்ச வேண்டும். உடனே குமிழைப் பலமுறை சுழற்றினால் கரைந்த அழுக்கு தடத்தைவிட்டு விலகும். பல கிளீனர்கள் எளிதில் தீப்பற்றுபவை. ஆவி முற்றிலும் அகலுமுன் மின்சாரம் தருதல் கூடாது. சிறிய மிக்ஸர்களில் தடைகள் மின்சுற்றுப் பலகையிலேயே ஈயப்பற்றால் பிணைக்கப்பட்டிருப்பதால், முகப்பு மரைகள் அனைத்தையும் கழற்றினாலன்றித் திறப்புகள் கைக்கு எட்டா. பொறுமை வேண்டிய வேலை.

தேங்காயெண்ணெய், தையல்யந்திர எண்ணெய், மண்ணெண்ணெய், துருப்பிடித்த திருகுகளைத் தளர்த்தும் தெளிப்பான் ஆகியவை இங்கு ஆகா. எண்ணெய் தூசியை ஈர்த்துச் சேறாக்கும். சிலவகைக் கரைப்பான்கள் கரிப்பூச்சைப் பிணைக்கும் பிசினையே இளக்கிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நன்கு துடைக்கும். ஆனால் மசகையும் உடன் எடுத்துச் செல்லும். ஃபேடர் எனப்படும் நேர்கோட்டுச் சறுக்குத் தடைகளில் இது பெருங்கேடு. அவற்றின் மெத்தென்ற நகர்வு, உற்பத்தியின்போதே இட்ட கெட்டியான மசகினால் கிடைப்பது. அது கழுவப்பட்டால் ஃபேடர் தளர்ந்து, விரல் பட்டவுடன் ஓடும். எனவே ஃபேடருக்கென்றே செய்த, மசகு கலந்த திரவத்தை மட்டும் பயன்படுத்துதல் நலம்.

தேய்ந்துபோன தடத்துக்குத் துடைத்தல் மருந்தன்று. பென்சில் கரியைத் தேய்த்துப் பள்ளத்தை நிரப்புவோர் உளர். அது சில நாட்கள் பயன்தரினும் தடையின் அளவைக் கெடுக்கும். அவசரத்துக்கு மட்டுமே கொள்ளத்தக்கது. தடம் தேய்ந்ததா என்று காண, ஊசிமுள் கொண்ட பழைய ஓம் மீட்டரே சிறந்தது. மின்சாரம் இன்றி, நடுமுனைக்கும் ஓரமுனைக்கும் இடையே அதனை இணைத்துக் குமிழை மெல்லத் திருப்பினால், முள் வழுக்கிச் செல்லவேண்டும். ஓரிடத்தில் துள்ளினால் அங்கே பழுது. இலக்க மீட்டர் தன் கணக்கை முடித்து எண் காட்டுவதற்குள் அத்துள்ளல் கடந்துவிடும்.

புதிய தடை வாங்கும்பொழுது ஓம் அளவு மட்டும் ஒத்திருப்பது போதாது. ஒலியளவுக் குமிழ்கள் செவியின் இயல்புக்கேற்ப மடக்கை முறையில் மாறுபவை; சம அளவில் மாறும் வகையை அங்கு வைத்தால், குமிழின் தொடக்கத்திலேயே ஒலி உச்சத்தை நெருங்கிவிடும். ஆசிய நாடுகளின் உற்பத்தியில் ‘ஏ’ என்ற எழுத்து மடக்கை வகையையும், ‘பி’ சம வகையையும் குறிக்கும். பழைய ஐரோப்பியக் கருவிகளில் இது நேர்மாறாக இருப்பதுண்டு. பழைய தடையைக் கழற்றுமுன் அதனை நட்ட நடுவில் நிறுத்தி, ஓரமுனைகளுக்கு நடுமுனையிலிருந்துள்ள தடையை அளந்துகொண்டால் ஐயத்துக்கு இடமிராது: இரண்டும் சமமாயின் சம வகை, பெரிதும் வேறுபடின் மடக்கை வகை.