தட்டில் மிச்சமிருந்த இடம்

அன்புள்ள யாழினி,

உன் கேள்விக்கு நேரே வருகிறேன். உங்கள் விஸ்காம் துறையில் யாரோ ஒருவர் தன் டிவிடி, ப்ளூரே சேகரிப்பை விற்கிறார். அந்தப் படங்கள் பெரும்பாலும் ஏதாவது ஓடிடியில் கிடைக்கின்றன. தட்டில் கூடுதலாக இருப்பது கமெண்ட்ரி, மேக்கிங், நீக்கப்பட்ட காட்சிகள் போன்றவை மட்டுமே. அவற்றுக்காகக் காசு கொடுக்கலாமா? பெரும்பாலானவற்றுக்குக் கொடுக்காதே. சிலவற்றுக்காக மெஸ் பணத்தில் கைவைத்தாலும் தப்பில்லை. (உன் அம்மாவிடம் நான் இப்படிச் சொன்னேன் என்று சொல்லிவைக்காதே.) எது எந்த ரகம் என்பதைப் பெட்டியின் பின்னட்டையைப் படித்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் தள்ளவேண்டியதைச் சொல்கிறேன். படம் வருவதற்கு முன்னால் விளம்பரத்துக்காக எடுத்து டிவி சேனல்களுக்குக் கொடுத்த துண்டுகளை அப்படியே தட்டில் ஏற்றியிருப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். நம்மூர் இசை வெளியீட்டு விழா மேடையேதான்: இயக்குநர் நடிகரைப் புகழ்வார், நடிகர் ஒளிப்பதிவாளரைப் புகழ்வார், தயாரிப்பாளர் எல்லாரையும் புகழ்வார். நடுநடுவே டிரெய்லரில் பார்த்த அதே ஷாட்கள் வரும். படம் விலைபோகுமா என்று தெரியாத நேரத்தில் யாரும் உண்மை பேச மாட்டார்கள். ஆகவே மேக்கிங் என்று போட்டிருந்தால் எத்தனை நிமிடம், எந்த ஆண்டில் எடுத்தது என்ற இரண்டையும் பார். படம் வந்து சில ஆண்டு கழித்து எடுத்தது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது என்றால் கையில் எடு.

தொடக்கத்தில் இந்த விளம்பரச் சரக்கு இவ்வளவு மலிந்திருக்கவில்லை. 1984-இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம், 1933-ஆம் ஆண்டின் ‘கிங் காங்’ படத்தை லேசர்டிஸ்கில் வெளியிட்டது. எல்பி இசைத்தட்டு அளவுக்குப் பெரிய தட்டு அது. அதில் இரண்டு ஒலித்தடங்கள் உண்டு. பழைய மோனோ படத்துக்கு ஒன்றே போதும். மிஞ்சிய தடத்தில் ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட அறிஞர், படம் ஓட ஓட அது எப்படி உருவானது என்று பேசினார். கமெண்ட்ரி என்ற வடிவம் அங்கேதான் பிறந்தது. 1997-இல் டிவிடி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது நிலைமை மாறியது. இரண்டடுக்குத் தட்டில் எட்டரை ஜிகாபைட் இடம் இருந்தது. ஏற்கெனவே கேசட்டில் வாங்கிய படத்தையே மறுபடி வாங்கவைக்க ஸ்டூடியோக்களுக்கு ஒரு காரணமும் தேவைப்பட்டது. அதிலிருந்து நல்லதும் குப்பையும் ஒரே பெட்டியில்தான் வருகின்றன.

இனி நல்லது. அந்தச் சேகரிப்பில் ராபர்ட் ரோட்ரிகஸின் ‘எல் மரியாச்சி’ இருந்தால் பேரம் பேசாமல் வாங்கு. 1992-இல் வந்த படம். மெக்சிகோவின் எல்லையோர ஊர் ஒன்றில், ஏறக்குறைய 7,000 டாலரில் எடுத்தது. படமாக அது சுமார்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதன் கமெண்ட்ரியும், ‘பத்து நிமிடத் திரைப்படப் பள்ளி’ என்ற சின்னப் பாடமும் தங்கம். ரோட்ரிகஸிடம் இருந்த 16 எம்எம் கேமரா இரைச்சல் போடும். படப்பிடிப்போடு சேர்த்து ஒலிப்பதிவு செய்ய வழியில்லை. அதனால் ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்திவிட்டு, நடிகரை அதே இடத்தில் மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, வசனத்தை மறுபடி சொல்லவைத்துப் பதிவு செய்தார். காலங்காலமாக டப்பிங் தியேட்டரில் நாம் செய்வதைத் தெருவிலேயே செய்து முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள். எடிட்டிங்கில் குரலும் உதடும் சற்று நேரம் ஒத்துப்போகும், பிறகு விலகும். விலகும் இடத்தில் எதிரே இருப்பவரின் முகத்துக்கோ, அங்கே நிற்கும் நாய்க்கோ வெட்டிவிடுவார். படம் ஏன் இவ்வளவு வேகமாக வெட்டப்பட்டிருக்கிறது என்று விமர்சகன் ஆயிரம் காரணம் சொல்லலாம். உண்மைக் காரணங்களில் ஒன்று இதுதான்.

ட்ராலிக்குப் பதிலாக ஒரு சக்கர நாற்காலி. சாலையைக் கடந்துகொண்டிருந்த ஆமை கேமராவில் பட்டது. அதுவும் படத்துக்குள் வந்துவிட்டது. நாயகன் இளநீர் வாங்கிக் குடிக்கிற காட்சியில் அவன் காசு கொடுப்பதை எடுக்க மறந்துவிட்டார்கள். திரும்பப் போய் எடுக்காமல், இளநீர் இலவசம் என்று நாயகனின் குரலில் ஒரு வரியைப் பின்னணியில் சேர்த்தார் ரோட்ரிகஸ். நீ குறும்படம் எடுக்கும்போது இந்த ஒரு வரி உனக்கு ஒரு செமஸ்டர் பாடத்தைவிட அதிகம் உதவும்.

பணம் கொட்டிக் கிடந்த படங்களிலும் இந்த ரகம் உண்டு. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்று பாகங்களின் நீட்டித்த பதிப்புகள் 2002 முதல் 2004 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் நான்கு தட்டு. இரண்டில் படம், இரண்டில் அதை எப்படி எடுத்தார்கள் என்ற விவரம். அந்த இரண்டாவது ஜோடியைத்தான் நான் சொல்கிறேன். பெரிய உருவமும் சின்ன உருவமும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் ஷாட் உனக்கு நினைவிருக்கும். ஒருவரைக் கேமராவுக்கு அருகிலும் மற்றவரைத் தள்ளியும் உட்காரவைத்து அளவில் ஏமாற்றுவது பழைய தந்திரம். கேமரா அசைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இவர்கள் கேமரா நகரும்போது ஒரு நடிகரும் மேசையின் ஒரு பாதியும் சேர்ந்து நகரும்படி மேடை கட்டினார்கள். அதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். கேமராவின் கண்ணிலிருந்து பார்த்தால் வராது. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுகிறார்கள்.

இன்னொரு இடம். இரண்டாம் பாகத்தில் ஆயிரக்கணக்கான அரக்கப் படையினர் கோஷமிட வேண்டும். வெலிங்டனில் நியூசிலாந்தும் இங்கிலாந்தும் ஆடிய ஒருநாள் கிரிக்கெட் போட்டியின் இடைவேளையில் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மைதானத்துக்குள் இறங்கினார். பெரிய திரையில் சொற்களைப் போட்டு, 25,000 ரசிகர்களை, மூலக்கதை எழுதிய டோல்கீனின் கற்பனை மொழியில் கத்தவைத்துப் பதிவு செய்தார்கள். அடுத்த முறை படம் பார்க்கும்போது காது அங்கே போகும். ஒலி என்பது ஒருவர் தேடிப் போய்ப் பிடித்துவருகிற பொருள் என்று உனக்குப் பிடிபடும்.

நீக்கப்பட்ட காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீக்கியதற்குக் காரணம் இருந்திருக்கும். ஏன் நீக்கினோம் என்று யாராவது பேசியிருந்தால் மட்டும் பார்.

ஆனால் ஒரு படம் முழுவதையுமே வேறு மாதிரி வெட்டிக் காட்டினால் அது வேறு சங்கதி. டெர்ரி கில்லியமின் ‘பிரேசில்’ (1985) கிரைட்டீரியன் பதிப்பில், அவருடைய 142 நிமிடப் படத்துடன், யுனிவர்சல் ஸ்டூடியோ வெட்டிய 94 நிமிட வடிவமும் தனித் தட்டில் உண்டு. கில்லியம் இருட்டில் முடித்த கதையை ஸ்டூடியோ காதல் வென்றதாக முடித்திருக்கிறது. நடிகர்கள் அதே ஆட்கள்தான், பெரும்பாலும் அதே ஷாட்கள்தான். எடிட்டிங் மேசையில் ஒரு படத்தின் உயிரை எடுக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் யாரும் உனக்குக் காட்ட முடியாது. அந்தக் கெட்ட வடிவத்துக்குக் கமெண்ட்ரி வேறு இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தட்டுக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் ஸ்டூடியோதான். அதை ஒருபோதும் மறக்காதே. டேவிட் ஃபின்ச்சரின் முதல் படம் ‘ஏலியன் 3’ (1992). படப்பிடிப்பு முழுக்க அவருக்கும் ஸ்டூடியோவுக்கும் சண்டை. 2003-இல் ஏலியன் படங்களின் பெரிய தொகுப்பு வந்தபோது அவர் அதில் கலந்துகொள்ளவில்லை. அந்தப் படம் எடுத்த கதையைச் சொல்லும் ஆவணப்படத்தில் சண்டை பற்றிய பகுதிகளை ஸ்டூடியோ வெட்டியது. 2010 ப்ளூரேயில்தான் அவை திரும்பி வந்தன. ஒரே ஆவணப்படம், ஒரே சம்பவம். ஏழு ஆண்டு ஆறியபிறகுதான் முழுதாகப் பார்க்க முடிந்தது. ஆகவே ஒரே படத்துக்கு இரண்டு பதிப்பு கண்ணில் பட்டால், பிந்தியதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவு செய்.

உன் தோழி கேட்டதாக எழுதியிருந்தாயே, இதையெல்லாம் பார்த்தால் படத்தின் மாயம் போய்விடாதா என்று. பாதி சரி. ஷாட்டை எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டதால் எனக்கு எந்தப் படமும் கெட்டதில்லை. இந்தக் காட்சிக்கு இதுதான் அர்த்தம் என்று இயக்குநரே சொல்லக் கேட்டதால் சில கெட்டிருக்கின்றன. அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நம் மண்டையில் வேறு எதுவும் முளைக்காது. இயக்குநர் டேவிட் லிஞ்ச் இதில் பிடிவாதக்காரராக இருந்தார். ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ டிவிடியில் அத்தியாயப் பிரிவுகூட வைக்கவில்லை. உட்கார்ந்தால் முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான். உள்ளே ஒரு சீட்டில் பத்துத் துப்புகள் மட்டும் தந்தார். அவற்றைப் படித்தால் இன்னும் குழம்பலாம். ஸ்பீல்பர்க் கமெண்ட்ரி பேசுவதே இல்லை. இருவர் பக்கமும் எனக்கு மரியாதை உண்டு. கேமரா எங்கே இருந்தது, ஏன் அந்த லென்ஸ், மழை வந்தபோது என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் படமெடுத்தவர்கள் சொல்லட்டும், நீ கேள். அர்த்தம் சொல்லத் தொடங்கினால் ஒலியைக் குறைத்துவிடு.

பார்க்கிற முறையும் உண்டு. படத்தை முதலில் சும்மா பார். சில நாள் விட்டு மறுபடி பார். உனக்குப் பிடிபடாத இடங்களை நோட்டில் குறி. அதன்பிறகு கமெண்ட்ரியைப் போடு. இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன், ‘பேட் டே அட் பிளாக் ராக்’ லேசர்டிஸ்கில் அதன் இயக்குநர் ஜான் ஸ்டர்ஜஸ் பேசிய கமெண்ட்ரி திரைப்படக் கல்லூரியைவிட அதிகம் கற்றுத்தரும் என்று சொன்னவர். (அவர் கல்லூரியில் சேர்ந்த சில நாளிலேயே வெளியேறியவர். அதை மட்டும் பின்பற்றாதே.) பெரும்பாலான கமெண்ட்ரிக்கு வசன வரி இருக்காது. அமெரிக்க உச்சரிப்பு முதலில் கடிக்கும். காட்சி காட்சியாக நிறுத்திக் கேட்டால் பழகிவிடும்.

கடைசியாக ஒரு வகை. பழைய படத்தை எப்படி மீட்டார்கள் என்று காட்டும் துண்டுகள். சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றின் நெகடிவ்கள் 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகின. கருகிய சுருள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். பின்னாளில் இத்தாலியின் பொலோனியாவில் அவற்றுக்கு மறுபடி ஈரப்பதம் ஏற்றி, கையாலேயே ஒட்டுப்போட்டு, மீந்ததைக் காப்பாற்றினார்கள். 2015 கிரைட்டீரியன் தொகுப்பில் இந்த வேலையைப் பார்க்கலாம்; 1958-இல் பதிவான ராயின் குரலையும் கேட்கலாம். வாங்குமுன் ஒன்று கவனி. இந்திய டிவிடிக்கு மண்டல எண் 5, ப்ளூரேக்கு ‘சி’. அமெரிக்கத் தட்டு 1, ‘ஏ’. மண்டலக் கட்டு இல்லாத பிளேயர் கிடைக்காவிட்டால் அந்தத் தட்டு ஓடாது. 4கே தட்டுக்கு மண்டலம் இல்லை என்று கடைக்காரர் சொல்வார், உண்மைதான். ஆனால் கூடுதல் சமாச்சாரங்கள் பெரும்பாலும் கூடவரும் ப்ளூரேயில்தான் இருக்கும், அதற்கு உண்டு.

தமிழ்ப் படத் தட்டுகளில் இதெல்லாம் ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தாய். நம் தட்டுகளில் மிச்ச இடத்துக்கு வேறு வேலை இருந்தது. பாடலுக்குத் தாவுகிற மெனு, மற்றப் படங்களின் டிரெய்லர், ஒரே டிவிடியில் மூன்று படம். இங்கே எடுத்த ஒரு படத்துக்கு வெளிநாட்டில் அந்தக் கவனிப்பு கிடைத்தது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த உதய் சங்கரின் ‘கல்பனா’ (1948) மீட்கப்பட்டு 2012-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. பிறகு கிரைட்டீரியன் தொகுப்பு ஒன்றிலும் இடம்பெற்றது. அதே 1948-இல் வந்த, அதே ஸ்டூடியோவின் ‘சந்திரலேகா’ முரசு நடனத்தை எப்படி எடுத்தார்கள் என்று படம் ஓட ஓட அதன் இயக்குநர் வாசன் பேசுவதை நாம் கேட்க முடியாது. அவர் 1969-இலேயே போய்விட்டார். கமெண்ட்ரி வந்ததோ அதற்குப் பதினைந்து ஆண்டு கழித்து.

ஆனால் பிலிமில் வேலை செய்த எடிட்டர்களும் உதவி இயக்குநர்களும் இன்னும் இருக்கிறார்கள். உன் செமஸ்டர் புராஜெக்டுக்கு ஒன்று சொல்கிறேன். அப்படி ஒருவரைப் பிடித்து, அவர் வேலை செய்த படத்தை லேப்டாப்பில் ஓடவிட்டு, பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய். பெரிய கேள்வி எதுவும் கேட்காதே. இந்த ஷாட்டை ஏன் இங்கே வெட்டினீர்கள், எந்த ஷாட் எடுக்காமல் விட்டுப்போனது, இன்றைக்குப் பார்த்தால் எந்த இடம் உறுத்துகிறது என்று கேள். முதல் அரை மணி நேரம் நடிகர்களைப் பற்றித்தான் பேசுவார்; பேசட்டும். மூவியோலா என்ற பழைய எடிட்டிங் இயந்திரம் பற்றிப் பேச்சு வந்ததும் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா