சாத்துவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்: கார் கதவுக் கைப்பிடியை நாமே மாற்றும்போது

கார் கதவின் வெளிக் கைப்பிடி அவசரத்தில்தான் உடையும். மழை பெய்துகொண்டிருக்கும், ஒரு கையில் காய்கறிப் பை இருக்கும். வெடுக்கென்று இழுப்போம், பாதிக் கைப்பிடி கையோடு வந்துவிடும். பொருளை வாங்கி நாமே மாட்டிவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையோடு வேலை முடிந்துவிடும் என்று தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் பழைய ஹேட்ச்பேக்கின் வலது முன்கதவில் புதுக் கைப்பிடியைப் பொருத்தினேன். கதவின் உட்பக்கத்தை மூடும் டோர் பேடைத் தட்டி உட்கார வைத்து, பெருமையோடு கதவைச் சாத்தினேன். அதன் பிறகு அது வெளியிலிருந்தும் திறக்கவில்லை, உள்ளிருந்தும் திறக்கவில்லை. தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஹேண்டில சரியாத்தான் மாட்டியிருக்கீங்க சார். செக் பண்ணாம கதவச் சாத்தினீங்க பாருங்க, அங்கதான் தப்பு.”

அவர் சொன்னதன் விரிவுதான் இந்தப் பட்டியல். ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கைப்பிடி நேரடியாகக் கதவைத் திறப்பதில்லை. அது ஒரு கம்பியை அசைக்கிறது, கம்பி டோர் லாக்கின் நெம்புகோலை அசைக்கிறது, லாக்கின் கொக்கி தூணில் உள்ள வளையத்தை விடுகிறது. உள் கைப்பிடி, சாவித் துளை, லாக் குமிழ் எல்லாம் இதே லாக்கில்தான் வந்து சேர்கின்றன. ஒன்றில் கை வைக்கும்போது பக்கத்தில் இருப்பதும் நழுவலாம். எனக்கு நடந்தது அதுதான்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

செய்ய வேண்டியவை

- கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள். உள்ளிருந்து திறந்து வெளியிலிருந்து திறக்காவிட்டால், கைப்பிடி அல்லது அதன் கம்பியில் கோளாறு. இரண்டு பக்கமும் திறக்காவிட்டால் லாக்கையே சந்தேகப்பட வேண்டும். பின்கதவு வெளியிலிருந்து திறந்து உள்ளிருந்து மட்டும் திறக்காவிட்டால், கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்டு லாக்கைப் பாருங்கள். அதைத் தள்ளிவிட்டால் வேலையே முடிந்துவிடலாம்.
- கைப்பிடி ஏன் உடைந்தது என்று கேளுங்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் நொறுங்கும், உண்மைதான். ஆனால் கிரீஸ் வற்றி இறுகிப்போன லாக்கை மாதக்கணக்கில் பலத்தோடு இழுத்துத் திறந்திருந்தால், புதுக் கைப்பிடிக்கும் அதே கதிதான்.
- கடைக்குப் போகும்போது ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கொண்டுபோங்கள். ஒரே மாடலில்கூட வருடத்துக்கு வருடம் பாகம் மாறும். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ தேடுவதாக இருந்தால், உடைந்த துண்டையும் எடுத்துப் போவது நல்லது.
- இடது, வலது என்பது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு. வண்டிக்கு எதிரே நின்று பார்த்தால் தலைகீழாகிவிடும்.
- டோர் பேட் கிளிப்புகளும் கம்பியின் பிளாஸ்டிக் கிளிப்புகளும் கூடுதலாக நாலைந்து வாங்குங்கள். பழையவற்றில் சில உடையத்தான் செய்யும்.

செய்யக்கூடாதவை

- உடைந்த கைப்பிடியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். இழுக்கும் பலம் முழுக்க அந்த ஒட்டில்தான் விழும்.
- ‘உள்ளிருந்து திறக்கிறதே’ என்று விட்டுவிடாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பாற்ற வருபவர் கை வைப்பது வெளிக் கைப்பிடியில்தான்.
- கறுப்புக் கைப்பிடியை மாட்டிவிட்டுப் பிறகு பெயிண்ட் அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

கழற்றும்போது

செய்ய வேண்டியவை

- கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றுங்கள். இறங்கிய கண்ணாடி கைப்பிடியின் நட்டுகளை மறைத்துக்கொண்டு நிற்கும். ஏற்றிய பிறகே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். வரிசை மாறினால் பவர் விண்டோ ஏறாது.
- கையால் சுற்றும் கண்ணாடியானால், சுற்றுக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பிக் கிளிப் ஒளிந்திருக்கும். ஒரு துணியை இடுக்கில் விட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள், கிளிப் தெறித்து வெளியே வரும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.
- ஸ்குரூக்கள் உள் கைப்பிடிக் குழியிலும் கை வைக்கும் இடத்திலும் சிறு மூடிகளுக்கு அடியில் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பின், கீழ் ஓரத்திலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, டோர் பேடை மேல்நோக்கித் தூக்குங்கள்.
- கம்பிகள் இருக்கும் நிலையை மொபைலில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். மறுபடி மாட்டும்போது அதுதான் வழிகாட்டி.
- கதவின் அடிப்பகுதியில் ஒரு பழைய துண்டை விரித்து வையுங்கள். நழுவும் நட்டு அதில் விழும். ஒரு காந்தமும் கையில் இருக்கட்டும்.
- கையுறை போடுங்கள். உள்ளே இருக்கும் தகட்டு ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும்.

செய்யக்கூடாதவை

- டோர் பேடை ஒரே இழுப்பில் பிடுங்காதீர்கள். பின்னால் ஸ்விட்ச் ஒயரும் உள் கைப்பிடியின் கேபிளும் தொங்கிக்கொண்டிருக்கும்.
- பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காதீர்கள். கதவுக்குள் வழியும் மழைத் தண்ணீரை அதுதான் தடுத்து அடித்துளை வழியாக வெளியே அனுப்புகிறது. பசையில் தூசி ஒட்டாமல் மெதுவாக உரித்து ஒதுக்கி வையுங்கள்.
- கம்பியைக் கிளிப்பிலிருந்து பலத்தால் பிய்க்காதீர்கள். கிளிப்பைப் பக்கவாட்டில் திருப்பினால் கம்பியை விட்டுவிடும், பிறகு விரலாலேயே எடுக்கலாம்.
- கையால் பிடித்து இழுக்கும் வகைக் கைப்பிடிகள் பலவற்றில் கதவின் ஓரத்தில் ஒரு ரப்பர் மூடி, அதற்குள் ஒரு ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தினால் போதும். முழுக்கக் கழற்றினால் அது கதவுக்குள் விழுந்து உங்கள் ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடும்.

மாட்டும்போது

செய்ய வேண்டியவை

- பழைய கைப்பிடியில் சாவித் துளை இருந்தால் அந்த லாக்கைப் புதியதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு வண்டிக்கு இரண்டு சாவி.
- கைப்பிடிக்கும் தகட்டுக்கும் இடையிலான ரப்பரை மறக்காதீர்கள். அது இல்லாமல் பொருத்தினால் பெயிண்ட் உரசும், தண்ணீரும் இறங்கும்.
- கம்பியின் முனையில் மரை இருந்தால், பழைய நிலையில் எத்தனை மரை வெளியே தெரிந்ததோ அத்தனையே வையுங்கள். கைப்பிடியை இழுக்கத் தொடங்கும்போது மிகச் சிறிய தளர்வு இருக்க வேண்டும்.
- லாக்கின் அசையும் பாகங்களைத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே இறுக்கத்தைத் தளர்த்தும், ஆனால் கிரீஸுக்கு ஈடாகாது.

செய்யக்கூடாதவை

- நட்டை ஸ்பேனரால் தொடங்காதீர்கள். கையால் இரண்டு சுற்று ஏற்றிவிட்டுப் பிறகு அளவாக இறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் மரை போனால் புதுக் கைப்பிடியும் குப்பைக்குத்தான்.
- கம்பி எட்டவில்லை என்று அதை வளைக்காதீர்கள். எட்டவில்லை என்றால் இடது, வலது மாறியிருக்கிறது அல்லது பாகமே வேறு.

சாத்தும் முன் ஒரு பரீட்சை

நான் தவறவிட்ட படி இது. டோர் பேடை மாட்டும் முன்பே, கதவு திறந்திருக்கும்போதே செய்துவிடுங்கள்.

1. கதவின் ஓரத்தில் தெரியும் லாக் கொக்கியை ஒரு ஸ்குரூடிரைவரால் மூடும் திசையில் தள்ளுங்கள். ‘டக், டக்’ என்று இரண்டு சத்தம் வர வேண்டும். முதல் சத்தம் அரைப்பூட்டு, இரண்டாவது முழுப்பூட்டு. கதவு சாத்தியிருப்பதாகவே லாக் இப்போது நினைத்துக்கொண்டிருக்கும்.
2. வெளிக் கைப்பிடியை இழுங்கள். கொக்கி துள்ளித் திறக்க வேண்டும்.
3. மறுபடி இரண்டு சத்தம் வரத் தள்ளி, உள் கைப்பிடியால் திறந்து பாருங்கள்.
4. மீண்டும் தள்ளி, சாவியாலும் குமிழாலும் பூட்டி, வெளிக் கைப்பிடி திறக்க மறுக்கிறதா என்று பாருங்கள். பூட்டை எடுத்தபின் திறக்கிறதா என்றும் பாருங்கள்.
5. ஒவ்வொன்றும் மூன்று முறை சரியாக வந்த பிறகு ஷீட், பேட், பேட்டரி ஒயர் எல்லாவற்றையும் மாட்டி, இன்னொரு சுற்று சோதியுங்கள்.

சோதனை முடிந்ததும் கொக்கியைத் திறந்த நிலையில் விட மறக்காதீர்கள். மூடிய கொக்கியோடு கதவை அறைந்து சாத்தினால் கொக்கி தூண் வளையத்தில் மோதி வளையும். முதல் முறை சாத்தும்போது கண்ணாடியை இறக்கி வைத்திருங்கள்.

கோளாறு எது, காரணம் எது?

- கைப்பிடி முழுக்க வருகிறது, கதவு திறக்கவில்லை: கம்பியில் தளர்வு அதிகம், அல்லது கிளிப் பூட்டவில்லை.
- சாத்தினால் கதவு நிற்காமல் திரும்பி வருகிறது: கம்பி இறுக்கமாக இருந்து லாக்கைப் பிடித்து இழுக்கிறது. அல்லது கொக்கி மூடியே இருக்கிறது.
- இழுத்த கைப்பிடி திரும்ப உட்காரவில்லை: ரப்பர் மடிந்திருக்கிறது, அல்லது கம்பி எங்கோ உரசுகிறது.
- சாவி சும்மா சுற்றுகிறது: சாவி லாக்கின் கம்பி மாட்டப்படவில்லை.
- மழைக்குப் பின் காலடிக் கார்பெட் ஈரமாக இருக்கிறது: பிளாஸ்டிக் ஷீட் சரியாக ஒட்டவில்லை.

சாத்தியே விட்டீர்களா?

பதற வேண்டாம். ஒருவர் வெளியிலிருந்து கதவை உள்நோக்கி அழுத்தட்டும், இன்னொருவர் உள் கைப்பிடியை இழுக்கட்டும். பூட்டி, பூட்டை எடுத்து, திரும்பத் திரும்ப முயலுங்கள். முடியாவிட்டால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, மூடிய கதவிலிருந்தே டோர் பேடைப் பொறுமையாக எடுத்து, லாக்கின் நெம்புகோலை விரலால் அசைக்க வேண்டும். கடப்பாரையால் நெம்பாதீர்கள், அப்புறம் செலவு டிங்கரிங்கில் போய் நிற்கும். கதவுக்குள் ஏர்பேக் சென்சார் உள்ள வண்டி, பட்டன் தொட்டால் திறக்கும் கைப்பிடி என்றால் தொடக்கத்திலேயே தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

அடுத்த வருடம் என் வண்டியின் பின்கதவுக் கைப்பிடி உடைந்தது. இந்தத் தடவை ஸ்குரூடிரைவரோடு திறந்த கதவின் முன் உட்கார்ந்து ‘டக், டக்’ என்று தட்டிக்கொண்டே இருந்தேன். “இன்னுமா கதவைச் சாத்தல?” என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. உள் கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன்.