செவ்ரோலே சி-10 வண்டியில் ஃபிளெக்ஸ் பிளேட் பொருத்தும் முறை

அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலே சி-10 பிக்கப் வண்டிகளில் பல, கையால் கியர் மாற்றும் அமைப்புடன் ஆலையிலிருந்து வந்தவை. அவற்றைப் புதுப்பிப்போர் 350 கன அங்குல வி-8 எஞ்சினோடு டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்னும் தானியங்கி கியர்பாக்ஸை இணைப்பது இன்று பரவலான வழக்கம். அவ்வாறு மாற்றும்போது எஞ்சினின் பின்முனையிலிருந்த கனமான ஃபிளைவீல் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் ஃபிளெக்ஸ் பிளேட் எனப்படும் மெல்லிய எஃகுத் தட்டு அமர்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை, எண்ணெயின் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கு ஒப்படைப்பதும், விளிம்பிலுள்ள ரிங் கியரின் பற்களால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் உந்தலை ஏற்பதும் இத்தட்டின் பணிகள். எண்ணெயின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் கன்வெர்ட்டர் சற்றே உப்பி முன்னும் பின்னும் நகர்வதால், அந்நகர்வை ஏற்று வளைந்துகொடுக்கும்படி தட்டு மெல்லியதாகவே செய்யப்படுகிறது. ஆயினும் பொருத்தம் பிசகினால், ஒவ்வொரு சுற்றிலும் தேவையின்றி வளைந்து வளைந்து போல்ட் துளைகளைச் சுற்றி அது விரிசல் விடும்.

ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் தட்டின் தேர்வே முடிவாக வேண்டும். 1985 வரை வந்த எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்புற எண்ணெய் சீல் இரு துண்டுகளாலானது, அதன் போல்ட் வட்டம் 3.58 அங்குலம், 1986 முதல் சீல் ஒரே துண்டாகி வட்டம் 3 அங்குலமாகச் சுருங்கியதோடு, எஞ்சினின் சமநிலைக்காகத் தட்டிலேயே எடை பற்றவைக்கப்பட்டது. எடையற்ற தட்டை எடை வேண்டும் எஞ்சினில் மாட்டினால் வண்டி முழுதும் அதிரும், நாளடைவில் பேரிங்குகளும் தேயும். பற்களின் எண்ணிக்கையும் இருவகை: 153 பற்கள் கொண்ட தட்டு 12¾ அங்குல விட்டமுடையது, 168 பற்கள் கொண்டது 14 அங்குலம்; இரண்டுக்கும் ஸ்டார்ட்டர் வேறு வேறு. கன்வெர்ட்டரின் போல்ட் வட்டம் 10¾ அங்குலமா 11½ அங்குலமா என்பதையும் அளந்து தட்டின் துளைகளோடு ஒப்பிட வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, வண்டியை ஜாக்கில் மட்டும் நம்பி விடாமல் உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பழைய கியர்பாக்ஸையும் ஃபிளைவீலையும் கழற்றியபின், கிராங்க் முகப்பைத் துடைத்து, துருவும் பிசிறும் நீக்கி, பழைய சீலில் கசிவு தென்பட்டால் இப்போதே மாற்றுவது நல்லது; பின்னர் இதற்காகக் கியர்பாக்ஸை மீண்டும் இறக்குவது வீண் உழைப்பு. கை கியர்பாக்ஸின் உள்தண்டைத் தாங்கிய பைலட் புஷ் கிராங்க்கின் நடுத்துளையில் எஞ்சியிருப்பின் அதையும் அகற்ற வேண்டும், ஏனெனில் கன்வெர்ட்டரின் முன்மூக்கு அந்தத் துளையில்தான் அமர்கிறது.

தட்டில் எஞ்சின் பக்கம் இது என்ற முத்திரை இருந்தால் அதன்படியே வைத்து, ஆறு போல்ட்டுகளையும் முதலில் கையால் திருகிச் சேர்க்க வேண்டும். ஃபிளைவீலுக்கான பழைய போல்ட்டுகள் நீளமானவை என்பதால் அவற்றைப் பயன்படுத்தலாகாது. ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கெனச் செய்யப்பட்டவற்றின் மரைகளில் நடுத்தர வலுவுள்ள மரைப்பூட்டுத் திரவத்தைத் தடவி, எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கி, டார்க் ரெஞ்சில் 60 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 81 நியூட்டன்-மீட்டர், காணும்வரை முடிக்க வேண்டும்.

பெரும்பாலான சேதம் நிகழ்வது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். கன்வெர்ட்டரில் ஒரு லிட்டர் அளவு தானியங்கி கியர்பாக்ஸுக்குரிய எண்ணெயை ஊற்றி, கியர்பாக்ஸின் தண்டில் செருகி, சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளும்போது, அதன் பள்ளங்கள் உள்தண்டோடும் ஸ்டேட்டர் குழாயோடும் கடைசியாக எண்ணெய்ப் பம்பின் நாக்குகளோடும் அடுத்தடுத்துப் பொருந்தி உள்ளிறங்குவது கைக்குத் தெரியும். பம்பில் பொருந்தாத கன்வெர்ட்டர் வெளியே துருத்தி நிற்கும். அந்நிலையில் கியர்பாக்ஸின் முன்புற மணி வடிவ உறையான பெல் ஹவுசிங்கை எஞ்சினோடு போல்ட்டால் இழுத்து நெருக்கினால் பம்பு உடைந்துபோகும். ஆதலால் உறை, எஞ்சினின் இரு வழிகாட்டி முளைகளில் அமர்ந்து, போல்ட் உதவியின்றிக் கையழுத்தத்திலேயே இடைவெளியின்றி ஒட்ட வேண்டும்; ஒட்டவில்லையெனில் பிரித்தெடுத்து மீண்டும் தொடங்குவதே முறை.

உறையை இறுக்கியபின் கன்வெர்ட்டரை முழுதும் பின்தள்ளி, அதற்கும் தட்டுக்கும் இடையிலுள்ள வெளியை அளக்க வேண்டும். அது ⅛ அங்குலத்திலிருந்து 3⁄16 அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 3.2 முதல் 4.8 மில்லிமீட்டருக்குள், இருந்தால் சரி. இடைவெளியே இல்லையெனில் கன்வெர்ட்டர் பம்பை நெருக்குகிறது என்று பொருள். மிகுதியாக இருந்தால் மூன்று போல்ட் இடங்களிலும் ஒரே கனமுள்ள கடினமான வாஷர்களை இட்டு ஈடுசெய்யலாம். கன்வெர்ட்டர் கையால் தடையின்றிச் சுழல்வதை உறுதிசெய்து, முன்பக்கம் இழுத்து, கிராங்க்கைச் சுற்றிச் சுற்றி மூன்று போல்ட்டுகளையும் தொடுத்தபின் 35 அடி-பவுண்டு அளவில் இறுக்க வேண்டும்.

இறுதியாக ஸ்டார்ட்டரை மாட்டி, அதன் சிறுபல்லை ரிங் கியரோடு கையால் இணைத்துப் பார்க்கையில், பற்களின் முனைக்கும் அடிப்பள்ளத்துக்கும் இடையே காகிதக் கிளிப்பின் கம்பி நுழையும் அளவு இடம் இருக்க வேண்டும். இல்லையெனில் ஸ்டார்ட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே மெல்லிய தகடு செருகிச் சரிசெய்து, ரிங் கியரின் வேறு சில இடங்களிலும் அதே அளவு நிற்கிறதா என்று சோதித்த பின்னரே பேட்டரியை இணைக்கலாம்.