கோதும் தோலும் மருந்தாகும் விதம்

ஒரு கிலோ இறாலை உரித்தால் தலையும் கோதுமாக ஏறத்தாழப் பாதி எடை குப்பைக்குப் போகிறது. மீன் வெட்டினால் தோலும் செதிலும் மிஞ்சுகின்றன. உயிரியல் பாடத்தில் கைற்றின் பற்றிப் படித்தபின், இக்கழிவுகள் காயங்களை ஆற்ற எவ்வாறு உதவுகின்றன என்று தேடிப் படித்தேன். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் உம்மம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் காலில் நெடுநாளாக ஆறாத புண். மருந்து கட்டும்போது, காய்ந்து ஒட்டிய துணியை உரித்தால் புதிதாக வளர்ந்த இழையமும் சேர்ந்து பிய்ந்துவிடும். அவர் என் கையை இறுகப் பற்றிக்கொள்வார்.

இறால், நண்டு ஆகியவற்றின் கோதுக்கு வலுவூட்டும் பல்சக்கரைட்டே கைற்றின். கோதை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் கல்சியம் காபனேற்று நீங்கும். பின்பு ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் சூடாக்கினால் புரதம் நீங்கும். எஞ்சுவது கைற்றின். அதனைச் செறிந்த சோடியம் ஐதரொட்சைட்டில் மேலும் சூடாக்கினால் கைற்றோசன் கிடைக்கும்.

கைற்றின் நீரில் கரையாது. கைற்றோசனோ வினாகிரி போன்ற மென்னமிலத்தில் கரையும். ஆகவே அதைப் படலமாகவும் பஞ்சாகவும் ஆக்கலாம். அது நேரேற்றம் கொண்டது. செங்குழியங்களின் மேற்பரப்பு மறையேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்வதால் குருதிப்பெருக்கு விரைவில் நிற்கிறது. பற்றீரியாக்களின் பெருக்கமும் குறைகிறது. 2002 இல் அமெரிக்காவில் கைற்றோசன் கட்டு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. போர்க்களத்தில் காயமுற்ற படைவீரர்களுக்கும் அது பயன்பட்டது.

மீன்தோலின் சிறப்பு அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதம். நமது தோலுக்கு உறுதி தருவதும் அதுவே. பிரேசிலின் போர்த்தலேசா நகரில் மருத்துவர்கள், கிருமிநீக்கிய திலாப்பியா மீன்தோலை எரிகாயங்களின்மேல் போர்த்திச் சிகிச்சை அளித்தனர். அது காயத்தின் ஈரலிப்பைக் காக்கிறது. துணிக்கட்டைப்போல அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. நோயாளிக்கு வேதனையும் குறைகிறது. மருத்துவக் கொலாஜன் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் பெறப்படுவதுண்டு. ஆதலால் மீன் கொலாஜன் முஸ்லிம்களாகிய நமக்குக் கூடுதல் ஆறுதல் தருவது.

பெற்றோர் ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும். கழிவை மருந்தாக்குவது அதன் தூய்மிப்பே. சமையலறை மீன்தோலையோ அரைத்த கோதையோ புண்ணில் வைத்தால் கிருமி தொற்றும். இறால் ஒவ்வாதவர்களுக்கு ஆபத்தும் நேரலாம். சுட்ட காயத்தில் பற்பசை பூசுவதும் தவறு. குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் குளிர்வித்து, சுத்தமான துணியால் மூடி, வைத்தியரிடம் செல்வதே முறை. சீனி வருத்தக்காரரின் காலில் சிறு கீறல் என்றாலும் தாமதிக்கக் கூடாது.

சகோதர மாணவிகளே, ஒரு நண்டுக் கோதை ஓரிரு நாள் வினாகிரியில் ஊறவிட்டுப் பாருங்கள். குமிழிகள் எழும், கல்சியம் காபனேற்று கரையக் கரையக் கோது மெதுவாகும். கைற்றோசன் செய்யும் வழியின் முதற்படி அது. மற்றப் படிகளை ஆய்வுகூடத்தில் கற்று முன்செல்ல நம்மில் சிலராவது முன்வர வேண்டும்.