போனஸ் ரொக்கமும் மார்ச் 31-உம்

கேள்வி: திருப்பூரில் 12 பேரை வைத்து பனியன் தைத்துக் கொடுக்கிறேன். வாரச் சம்பளம், ரொக்கம்தான். மார்ச் முடிவதற்குள் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: முதலில் தீபாவளி வாரத்துச் சம்பள நோட்டைத் திறங்கள். வில்லங்கம் பெரும்பாலும் போனஸில்தான். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், வருமான வரிக் கணக்கில் அது செலவாக ஏறாது, லாபமாகவே நிற்கும். கட்டிங் மாஸ்டருக்குக் கொடுத்த 15,000-ஐ இரண்டு தேதியாகப் பிரித்து எழுதலாமா என்று மட்டும் கேட்காதீர்கள் (எல்லோரும் கேட்பதுதான்). அடுத்த போனஸை வங்கியில் போடுங்கள். முன்பணத்தைச் சம்பளத்தோடு கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதி, பாக்கிக்குக் கையெழுத்து வாங்குங்கள். மார்ச் மாத இ.எஸ்.ஐ. ஏப்ரல் 15-க்குள் கட்ட வேண்டும். சம்பளத்தில் டி.டி.எஸ். பிடித்திருந்தால், மார்ச் பிடித்தத்துக்கு ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு.